டேங்க்கைக் கழற்றி மாட்டும்போது: பெட்ரோல் டியூப், காற்று டியூப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், போடி பக்கம் வீட்டு வாசலிலேயே பைக் வேலை பார்க்கிறவர்கள் அதிகம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு ஏதாவது வேலை வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. ஏர் ஃபில்டர் துடைக்க, கார்புரேட்டர் கழுவ, பிளக் பார்க்க என்று டேங்க்கைத் தூக்குகிறார்கள். அந்த வேலை நன்றாகவே முடிகிறது, ஆனால் திரும்ப மாட்டும்போது ஒரு டியூப் மடங்கிவிடும், ஒன்று சைலன்ஸர் மேல் கிடக்கும், ஒன்றை மாட்ட மறந்தே போயிருக்கும். அப்புறம்தான் வண்டி நிற்கிறது, ஒழுகுகிறது, ரேஸ் ஆகிறது என்று கேட்டு வருகிறார்கள். பள்ளத்தாக்கிலிருந்தும் மேலே குமுளி, வண்டிப்பெரியார், நெடுங்கண்டம் பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் டியூப் போகும் பாதை வேறு மாதிரி காட்டியிருந்தால் மேனுவலையே பின்பற்றுங்கள்.

"அண்ணே, டேங்க்கத் தூக்குனா அடியில அஞ்சாறு டியூப் தொங்குது. எது எதுக்குன்னே புரியல."

செய்கிற வேலையை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கொண்டுபோகிற டியூப், காற்று போய்வருகிற டியூப், வேண்டாததை வெளியே விடுகிற டியூப். கார்புரேட்டர் வண்டியில் டேங்க்கின் டேப்பிலிருந்து (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) கார்புரேட்டருக்கு இறங்குவது முதல் வகை. கார்புரேட்டரின் பக்கவாட்டில், கப்புக்கு (அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்) கொஞ்சம் மேலே, ஒன்றோ இரண்டோ சின்ன டியூப் இருக்கும், அவற்றின் மறுமுனை பெரும்பாலும் எதிலும் மாட்டாமல் விட்டிருக்கும். அவை காற்று டியூப்கள். கப்புக்குள் பெட்ரோல் மட்டம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்றும் உள்ளே போய்வர வேண்டும், அதற்காக வைத்தது. கப்பின் அடியிலிருந்து தரையைப் பார்த்து இறங்குவது ஓவர்ஃப்ளோ.

டேங்க் மூடியைச் சுற்றிக் குழி உள்ள வண்டிகளில், அங்கே தேங்கும் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு டியூப் இருக்கும், அது டேங்க்கின் அடியில் வெளியே வரும். இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் போகிற தடித்த டியூப் பிரீதர். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள இன்டேக் பைப்பில் மெல்லிய டியூப் ஒன்று மாட்டியிருந்தால் அது வேக்கம் டியூப், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு அதில் இருக்கும்.

சும்மா தொங்குவதாகத் தெரிகிற டியூப்கள்தான் பெரும்பாலும் தொந்தரவுக்குக் காரணம். மறுமுனையை மாட்ட இடம் இல்லை என்பதால் எப்படிப் போட்டாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் டியூப்புக்குக் காட்டுகிற அக்கறையை அவற்றுக்கும் காட்டினால் கீழே வரும் கேள்விகளில் பாதி எழவே எழாது.

"கழட்டுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்? நேரா ஸ்பேனர எடுத்துறலாமா?"

முதலில் போனை எடுங்கள். இடது பக்கம், வலது பக்கம், மேலிருந்து என்று டியூப் ஒவ்வொன்றும் எதற்கு அடியில் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் இருக்கும்போது ஒரு தடவை, அதைத் தூக்கிய பிறகு எதையும் இழுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை. ஒரே சைஸில் இரண்டு டியூப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் நிப்பிளிலும் (டியூப் மாட்டுகிற குழல் முனை) டியூப் முனையிலும் நெயில் பாலிஷ் வையுங்கள்.

இடம் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு பரவும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். அடுப்படிக்குப் பக்கத்திலோ, விளக்கு எரிகிற இடத்திலோ, மோட்டார் ஸ்விட்ச் இருக்கும் மூலையிலோ இந்த வேலை வேண்டாம். திறந்த வாசலில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டேங்க்கில் கால்வாசிப் பெட்ரோல் இருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் தூக்கவும் சுலபம்.

நாள்பட்ட டியூப் நிப்பிளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நேராகப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நிப்பிள் என்றால் முறிந்துவிடும். மூக்குக் குறடால் மெதுவாகப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் விட்டுக்கொடுக்கும். அப்படியும் வராவிட்டால் அந்த டியூப்பின் ஆயுள் முடிந்தது, பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

"மருந்தடிக்கிற டியூப் மிச்சம் கெடக்கு. அதையே வெட்டிப் போட்டுக்கிறவா?"

வேண்டாம். ஸ்பிரேயர் டியூப், மீன் தொட்டிக்குப் போடுகிற வெள்ளை டியூப் எல்லாம் பெரும்பாலும் பிவிசி. பெட்ரோல் பட்டதும் மிருதுவாக இருப்பது போலத்தான் தெரியும், சில மாதத்தில் மஞ்சளாகிக் கட்டையாக இறுகிவிடும், நிப்பிளைப் பிடிக்காது. பெட்ரோலுக்கென்றே விற்கிற ரப்பர் டியூப் வாங்குங்கள். 100 முதல் 150 சிசி வண்டிகளில் பெட்ரோல் டியூப்பின் உள்விட்டம் பெரும்பாலும் 5, 6 மி.மீ. அளவில் இருக்கும், வேக்கம் டியூப் அதைவிடச் சின்னது. அளவைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய துண்டைக் கடையில் கொடுத்து ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

இப்போது எத்தனாலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கியது, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்தது இல்லை, சிலது உப்பும், சிலதில் வெடிப்பு விழும். டியூப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று இருந்தால் சாதாரண கார்புரேட்டருக்குப் போதும், ஆர்9 என்று இருந்தால் அதன் உள்பூச்சு எத்தனாலை நன்றாகத் தாங்கும். விலை கூடத்தான், ஆனால் நமக்குத் தேவைப்படுவது ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தானே.

"டியூப கொஞ்சம் நீளமா விட்டா அடுத்த தடவ கழட்ட ஈஸியா இருக்கும்ல?"

கழற்ற ஈஸிதான், ஓட்டத்தான் சிரமம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது, நடுவில் உள்ள அந்தச் சின்ன உயரம் தருகிற அழுத்தம் மட்டும்தான். டியூப் நீளமாகி நடுவில் மேடு தட்டினால் மேட்டின் உச்சியில் காற்றுக் குமிழ் தங்கும், பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு போகத் திணறும். கீழே தொங்கிப் பிறகு ஏறினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் தூசியும் சேரும். டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் இறங்கிக்கொண்டே போக வேண்டும், அதுதான் விதி.

அதற்காக விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது. ஓடும்போது இன்ஜின் அதிரும், டேங்க் அப்படியே இருக்கும், டியூப் நிப்பிளிலிருந்து மெல்ல நழுவும். பழைய டியூப்பின் நீளத்துக்கே வெட்டுங்கள், பழையது இல்லாவிட்டால் டேங்க்கை அதன் இடத்தில் உட்கார வைத்து அளந்துகொள்ளுங்கள். டேங்க் தூக்கியிருக்கும்போது அளந்தால் கட்டாயம் நீளம் கூடிவிடும். வளைவு கூர்மையாக வரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், டியூப் தட்டையாகியிருந்தால் அங்கே அடைத்துக்கொள்ளும். கம்பெனி டியூப் சிலது வளைத்தே வார்த்திருப்பார்கள், அந்த இடத்தில் நேர் டியூப்பை வளைத்துப் போட்டால் மடியத்தான் செய்யும்.

சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் சைலன்ஸர் பெண்டிலிருந்தும் (இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் குழாய்) குறைந்தது இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நெருப்புப் பொறி இல்லாமலே பெட்ரோல் பற்றிக்கொள்ள 250 டிகிரி சொச்சம் சூடு போதும். கட்டை கியரில் மலை ஏறும் வண்டியின் பெண்ட் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

"கிளிப் தொலஞ்சு போச்சு. கம்பி சுத்திட்டா போதாதா?"

கம்பி ரப்பரை அறுக்கும். பத்து ரூபாய்க்குள் முடிகிற ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். நிப்பிளில் ஒரு புடைப்பு இருக்கும், டியூப் அதைத் தாண்டி ஏறியிருக்க வேண்டும், கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், புடைப்பின் மேலேயே போட்டால் நழுவிவிடும். டியூப் ஏற மறுத்தால் முனையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

எலி கடித்த டியூப்பை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டலாமா என்று தோட்டத்து ஷெட்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் கேட்கிறார்கள். பெட்ரோல் அந்தப் பசையைக் கரைத்துவிடும். கடித்த டியூப்பை மாற்றத்தான் வேண்டும்.

"நடுவுல ஒரு ஃபில்டர் சேத்துட்டா கார்புரேட்டருக்கு நல்லதுதானே?"

டேங்க் உள்ளே துரு உதிர்கிற பழைய வண்டிக்கு நல்லதுதான். அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும். கார்களுக்கு வருகிற பெரிய ஃபில்டரை மாட்டாதீர்கள், மேலே சொன்ன அந்தச் சின்ன அழுத்தத்தில் அதன் தாளைத் தாண்டிப் பெட்ரோல் போதிய வேகத்தில் வராது. இடம் இல்லாமல் வளைத்துத் திணிக்க வேண்டியிருந்தால் ஃபில்டர் போடாமல் இருப்பதே மேல், டேப்பின் சல்லடையைக் கழுவிவிடுங்கள்.

"ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டிக்கிட்டே இருக்கு. ஒரு ஸ்க்ரூ வச்சு அடச்சுட்டேன், சரியாத்தான இருக்கு?"

இன்றைக்கே அந்த ஸ்க்ரூவை எடுத்துவிடுங்கள். கப்புக்குள் பெட்ரோல் மட்டம் மீறும்போது வெளியே போக வழி அது. அதை அடைத்தால் பெட்ரோல் வேறு வழி தேடும், பெரும்பாலும் இன்ஜினுக்குள் போகும், ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்படி அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்ட வேண்டாம்.

சொட்டுவதற்குக் காரணம் டியூப் இல்லை. கப்புக்குப் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடுகிற ஃப்ளோட் ஊசியில் தூசி நின்றிருக்கும், அல்லது ஊசி தேய்ந்திருக்கும், அல்லது டியூப் மாற்றும்போது உதிர்ந்த ரப்பர் துணுக்கு உள்ளே போயிருக்கும். டேப்பை மூடிவிட்டுக் கப்பைக் கழற்றிப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ டியூப்பின் பாதையையும் சேர்த்துப் பாருங்கள்: இன்ஜினுக்குப் பின்னால், ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) முன்னால், நேராகக் கீழே இறங்கி, சைலன்ஸர் மேலோ பின் டயர் மேலோ சொட்டாத இடத்தில் முடிய வேண்டும். டயரில் பெட்ரோல் பட்ட வண்டியோடு மலைப்பாதையில் ஒரு வளைவைத் திரும்புவது உயிருக்கு ஆபத்து.

"டேங்க் மாட்டுனதுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் ஓடி நின்னுருது. அஞ்சு நிமிஷம் விட்டா மறுபடியும் ஓடுது. கார்புரேட்டர் போச்சா?"

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. பெட்ரோல் டியூப்பைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். முதலில் நன்றாக வந்து போகப் போக மெலிகிறதா? இப்போது டேங்க் மூடியைத் திறங்கள். உடனே வேகம் எடுத்தால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கும் இடத்துக்குக் காற்று வரவில்லை, உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்துவிடும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது.

மூடியைத் திறந்தும் ஓட்டம் மெலிந்தே இருந்தால் டேப் சல்லடை அடைப்பு, அல்லது டேங்க் உட்காரும்போது டியூப் பிரேமுக்கும் டேங்க்குக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. இரண்டாவது காரணத்தைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பாட்டிலில் ஓட்டம் நன்றாகவே வந்து, வண்டியில் மட்டும் நின்றால் கார்புரேட்டரின் காற்று டியூப்களைப் பாருங்கள். மடங்கியிருக்கலாம், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் சிக்கியிருக்கலாம், குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டிகளில் குளவி அடைப்பு சகஜம்.

"ஏர் ஃபில்டர் துடச்சு மாட்டுனேன். இப்ப ஸ்லோ ஸ்பீட் தானா ஏறுது, ஆக்சிலேட்டர விட்டா பட் பட்டுன்னு வெடிக்குது."

எங்கேயோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் முழுதாக ஏறி உட்கார்ந்திருக்கிறதா, கிளாம்ப் சாய்ந்திருக்கிறதா, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், கண்ணுக்குப் படாது, விரலால் தடவி ரப்பரை வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும். வேக்கம் டியூப் ஏதாவது மாட்டாமல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான்.

கண்டுபிடிக்க இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து அந்த ரப்பரைச் சுற்றி இடம் இடமாக அடியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறும். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், சூடான இன்ஜின் மேல் அதைச் செய்யவே கூடாது. சத்தம் மாறவில்லை, பட் பட்டென்று வெடிப்பது மட்டும் இருக்கிறது என்றால் ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து சிலிண்டர் பக்கம் போகும் சுத்தக் காற்று டியூப் கழன்றிருக்கிறதா பாருங்கள். புகையைக் குறைக்க சைலன்ஸர் வழிக்குள் காற்று விடுகிற அமைப்பு அது. ஃபில்டர் பாக்ஸைக் கழற்றும்போது தானாகவே நழுவிவிடும்.

"ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில மூடி போட்ட ஒரு டியூப். உள்ள மோர் மாதிரி ஏதோ நிக்குது. இன்ஜின் போயிருச்சா?"

இல்லை. பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவியும் ஈரமும் குளிர்ந்து சேருகிற இடம் அது. மூணாறு, பீர்மேடு குளிரில் குறைந்த தூரமே ஓடுகிற வண்டிகளில் ஈரம் முழுக்க ஆவியாக நேரம் கிடைப்பதில்லை, அதனால் ஆயிலோடு கலந்து வெளுத்துப் போகும். மூடியைக் கழற்றி வடித்துவிட்டுத் திரும்ப மூடுங்கள், மூடாமல் விட்டால் வடிகட்டாத தூசிக் காற்று இன்ஜினுக்குள் போகும். இன்ஜின் ஆயிலே அப்படி வெளுத்திருந்தால் மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

"போடிமெட்டு ஏறும்போது மட்டும் வண்டி இழுக்க மாட்டேங்குது. கீழ நல்லா ஓடுது. டியூப் பிரச்சினையா?"

எப்படித் திணறுகிறது என்பதைக் கவனியுங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அந்த உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, அது கீழே ஊற்றிய அளவையொட்டியே பெட்ரோல் ஊற்றும். கலவை கெட்டியாகி இழுவை குறையும், பிளக் கறுக்கும். ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இறங்கும்போது தானாகச் சரியானால் அது உயரத்தின் வேலை, டியூப்களைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் பதினேழு கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் திடீரென்று பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் டியூப்பைப் பாருங்கள். கட்டை கியர், குறைந்த வேகம், இன்ஜின் மேல் காற்று படுவதும் குறைவு. ஹெட்டை ஒட்டிக் கிடக்கிற டியூப்புக்குள் பெட்ரோல் கொதித்துக் குமிழ் விடும். டியூப்பைத் தள்ளி வைத்துக் கட்டினால் தீரும். மூடியின் காற்று ஓட்டையையும் மேலே சொன்ன பாட்டில் சோதனையில் பார்த்துவிடுங்கள், ஏற்றத்தில் பெட்ரோல் தேவை கூடும்போதுதான் அரைகுறை அடைப்பு வெளிப்படும்.

"நாங்க குமுளி. பெட்ரோல் கம்மி ரேட்டுன்னு கீழ எறங்கி டேங்க் வழிய வழிய அடிச்சுட்டு வருவோம். வந்ததும் வண்டி பெட்ரோல் நாத்தம், ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது. ஏன்?"

வழிய வழிய அடிப்பதுதான் காரணம். 10 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 10 மில்லி விரியும். பங்க்கில் பூமிக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்ரோல் வெயிலில் நின்றால் 15 டிகிரி ஏறுவது சாதாரணம், 150 மில்லி போக இடம் தேடும். அது போகிற இடம் காற்று வழி. பிஎஸ்4 (வண்டிப் புகைக்கான அரசு விதி) காலத்திலிருந்தே பல வண்டிகளில் டேங்க்கின் ஆவி ஒரு டியூப் வழியாகக் கரி நிரப்பிய கறுப்பு டப்பாவுக்குப் போகும், அங்கே தங்கி, இன்ஜின் ஓடும்போது உறிஞ்சப்பட்டு எரியும். ஆவிக்காக வைத்த டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விட்டால் கரி ஊறிவிடும், இன்ஜின் தேவைக்கு மேல் ஆவியை உறிஞ்சி ஸ்டார்ட் ஆகத் திணறும்.

டேங்க் வாயின் கழுத்து தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே ஊறியிருந்தால் அந்த டியூப்பைக் கழற்றி வடித்து, டப்பாவை வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள். வாடை போகாவிட்டால் மாற்ற வேண்டும்.

"அந்தக் கறுப்பு டப்பாவயே எடுத்துட்டா?"

எடுக்காதீர்கள். எடுத்தால் டேங்க் பக்கத்து டியூப் திறந்து ஆவியை வீட்டுக்குள் விடும், இன்ஜின் பக்கத்து முனை திறந்து ஸ்லோ ஸ்பீட் ஏறும். இரண்டையும் அடைத்தால் டேங்க்குக்குக் காற்றே வராமல் வண்டி நிற்கும். கழற்றி மாட்டும்போது டப்பாவில் எந்த முனை டேங்க்குக்கு, எந்த முனை இன்ஜினுக்கு என்று எழுத்து அல்லது படம் இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள்.

"மழைல ஓட்டி வந்தா பெட்ரோல்ல தண்ணி சேந்துருது. மூடி ரப்பர் புதுசுதான்."

மூடிக் குழியின் வடிகால் டியூப் அடைத்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேலே தொடர்ந்து பெய்யும்போது அந்தக் குழி நிரம்பி, மூடியைத் திறந்ததும் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கும். மெல்லிய நைலான் கயிறு விட்டு மெதுவாகக் குத்தி, தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா பாருங்கள். கீழ்முனை நசுங்காமல், சைலன்ஸரை விட்டு விலகி இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், டேப் அதைத்தான் முதலில் கார்புரேட்டருக்கு அனுப்பும். அப்படிப் பிரிந்த பெட்ரோலை மொத்தமாக வடித்துவிட வேண்டும்.

ஓடை கடக்கும்போது மட்டும் வண்டி அணைந்தால் காரணம் வேறு. கார்புரேட்டர் காற்று டியூப்பின் முனை தண்ணீருக்குள் முங்குகிறது, காற்று வழி அடைபடுகிறது. நடுவில் டி வடிவ இணைப்பு ஒன்று போட்டு, ஒரு கிளையை டேங்க்குக்கு அடியில் மேலே கொண்டுபோய் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிடுங்கள். கீழ்முனை அடைபட்டாலும் மேல்வழி திறந்திருக்கும்.

"எஃப்ஐ வண்டிலயும் இதே மாதிரி கழட்டலாமா?"

இதே மாதிரி கழற்றக் கூடாது. எஃப்ஐ என்றால் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சுகிற அமைப்பு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஸ்பிளெண்டர்கூட எஃப்ஐ ஆகிவிட்டது. இவற்றில் பம்ப் டேங்க்குக்குள் இருக்கும், டியூப்பில் பல வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம், டயரில் அடிக்கிற காற்றைவிட அதிகம். முதலில் பம்ப்பின் ஃபியூஸையோ கப்ளரையோ கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், தானாக அணையும். அப்புறம் துணியைச் சுற்றிக்கொண்டு லாக்கை அமுக்கி இழுங்கள். மாட்டும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும், வந்த பிறகும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கழற்றிய ஃபியூஸையோ கப்ளரையோ திரும்ப மாட்டிச் சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு மூன்று வினாடி ரீங்கரிக்கும், அந்த நேரத்தில் இணைப்பில் ஈரம் கசிகிறதா பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதற்கு சாதாரண பெட்ரோல் டியூப் வெட்டிப் போடவே கூடாது, கம்பெனி டியூப்தான். டேங்க்குக்குள்ளே பம்ப்போடு இருக்கும் சின்னத் துண்டு டியூப்பும் தனி ரகம். வெளியே போடுகிற டியூப்பின் வெளிப்பூச்சு பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தாங்காது.

"அண்ணா, நான் வண்டிப்பெரியார்ல இருந்து. என் பழைய ஸ்கூட்டர்ல டேப் திருகவே இல்ல. ரெண்டு டியூப் போகுது, தம்பி கழட்டி மாட்டுனதுல இருந்து ஸ்டார்ட் ஆகல."

அது வேக்கம் டேப், தங்கச்சி. இன்ஜின் சுற்றி இழுத்தால்தான் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். தடித்த டியூப் பெட்ரோலுக்கு, மெல்லியது இன்டேக் பைப்புக்கு. இரண்டும் மாறியிருக்கும், அல்லது மெல்லியது மடங்கியிருக்கும். சோதிக்க மெல்லிய டியூப்பின் முனையில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து இழுங்கள், டேப் திறந்து பெட்ரோல் வர வேண்டும். இழுத்த சிரிஞ்சுக்குள்ளேயே பெட்ரோல் வந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு கிழிந்திருக்கிறது. அந்த வழியாகப் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகும். டேப்பை மாற்றும் வரை கிக்கரையோ செல்ஃபையோ தொட வேண்டாம், மாற்றிய பிறகு ஓவர்ஃப்ளோ கேள்வியில் சொன்னபடி ஆயிலையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"எல்லாம் மாட்டியாச்சு. ஹேண்டில் பாரத் திருப்புனா தானா ரேஸ் ஆகுதே?"

ஆக்சிலேட்டர் கேபிள் டியூப்களோடு பின்னிக்கொண்டிருக்கிறது, அல்லது டேங்க்குக்கு அடியில் இறுகியிருக்கிறது. இந்த நிலையில் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். டேங்க்கை மறுபடி தூக்கி, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிட்டு, கேபிளைத் தனியாகவும் டியூப்களைத் தனியாகவும் பிரித்து விடுங்கள். நைலான் டேக் கட்டினால் டியூப் உள்ளே நகரும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். அப்புறம் ஸ்லோவில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கீழே ஒரு அட்டையை விரித்துக் கால் மணி நேரம் டேப்பைத் திறந்து வைத்தால் சொட்டு விழுந்த இடம் தெரியும்.

"ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கேன். ஆயில் டியூப்பும் சேத்துக் கழட்டிட்டேன். அப்படியே மாட்டி ஓட்டலாமா?"

ஓட்டக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டியான இதில் இன்ஜினுக்கு ஆயில் கொண்டுபோகும் அந்த டியூப்புக்குள் இப்போது காற்று இருக்கிறது, ஆயில் பம்ப்புக்கு வந்து சேரும் வரை பிஸ்டன் ஆயில் இல்லாமல் உரசும், சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பம்ப்பில் காற்று எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் ஆயில் வரும் வரை விட்டு, இறுக்குங்கள். பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய டியூப்பில் இன்னும் காற்று இருக்கும், அதனால் முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் 20 மில்லி கலந்து ஊற்றி, மெதுவாக ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் புகை கூடுதலாக வரும், அது பரவாயில்லை.